விடிய விடிய நடக்க: வட சென்னை இரவு நெடுநடைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நான் தண்டையார்பேட்டைக்காரி. ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்பி, விடியும்வரை 25, 30 கிலோமீட்டர் நகரத் தெருக்களிலேயே நடக்கிற நிகழ்வு ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். யாரிடம் எதைக் கேட்பது, எதை வாங்குவது, எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும் என்று சொல்ல ஆளே இல்லை. ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய மின்னஞ்சலில் டி-ஷர்ட் அளவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வழியில் கழிப்பறை எங்கே என்று ஒரு வரிகூட இல்லை. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதிவிடுகிறேன், நீங்களாவது அலையாமல் இருங்கள்.

முதலில் எல்லாரும் கேட்கிற கேள்வி: வட சென்னையில் ராத்திரி நடக்கலாமா? தாராளமாக நடக்கலாம். அடையாறு, அண்ணா நகர்ப் பக்கத்து உறவினர்கள் சினிமாவைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறார்கள். எங்கள் பக்கம் ராத்திரியில் தெரு காலியாக இருப்பதே இல்லை. துறைமுகத்துக்கு கண்டெய்னர் போகிறது, காசிமேட்டில் மீன் இறங்குகிறது, பால் வண்டி வருகிறது, துப்புரவுப் பணியாளர்கள் பெருக்குகிறார்கள். மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிற இடத்துக்குள் நாம் நடக்கப் போகிறோம், அவ்வளவுதான். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது லாரியிடமும் உங்கள் கால் கொப்புளத்திடமும்.

1. பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை

காவல்துறை அனுமதி வாங்கியாகிவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. "வாங்கிடுவோம்" என்பது பதில் ஆகாது. அனுமதி கடைசி நேரத்தில் வந்தால் பாதையும் கடைசி நேரத்தில்தான் மாறும். எங்களுக்குக் கிளம்பும் இடமே முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் மாறியது. அந்தக் குழுவில் இல்லாதவர்கள் பழைய இடத்தில் போய் நின்றார்கள்.

அடுத்து, மொத்த நேர வரம்பு எவ்வளவு? மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவராக இருந்தாலும் தண்ணீர், சிக்னல், கழிப்பறை என்று நின்று நின்று போனால் சராசரி 4-க்கு இறங்கிவிடும். 30 கிலோமீட்டருக்கு ஏழரை மணி நேரம் ஆகும். வரம்பு ஆறு மணி நேரம் என்று போட்டிருந்தால் அது ஓட்டக்காரர்களுக்கான நிகழ்வு, வேறு பாருங்கள்.

தண்ணீர் வைக்கும் இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், ஆம்புலன்ஸ் கூட வருகிறதா, கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வண்டி வருமா, பாதியில் முடியாமல் போனால் ஏற்றிக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு எரிச்சலாகப் பதில் சொல்கிற ஏற்பாட்டாளர் ராத்திரி இரண்டு மணிக்கு போனை எடுப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

2. பதிவும் காகிதங்களும்

கட்டணம், நான் பார்த்த வரையில், 600 ரூபாயிலிருந்து 1500 வரை. முன்கூட்டிப் பதிந்தால் குறையும். காட்டுகிற தொகையோடு ஜி.எஸ்.டி.யும் இணையதளச் சேவைக் கட்டணமும் கடைசித் திரையில்தான் சேரும். பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது, வேறொருவர் பெயருக்கு மாற்றவும் விடமாட்டார்கள். வீட்டில் கல்யாணம், பரீட்சை ஏதாவது அந்த வாரத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

பெயர் போடுகிற இடத்தில் நம்மவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கும். நமக்கு இருப்பது இனிஷியல். சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள், சிலர் புள்ளி வைப்பார்கள், சிலர் ஊர்ப் பெயரை எழுதுவார்கள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். நம்பர் பட்டை (சட்டையில் குத்திக்கொள்கிற எண் தாள்) வாங்கப் போகும்போது பட்டியலில் பெயரும் அட்டையில் பெயரும் பொருந்தவில்லை என்றால் வரிசையிலிருந்து ஓரமாக நிறுத்திவிடுவார்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், பதிவு உறுதி மின்னஞ்சலின் அச்சு, மருத்துவச் சான்றிதழ், கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவம். உங்களுக்குப் பதில் வேறொருவர் போய்ப் பட்டையை வாங்குவதாக இருந்தால் ஒரு அதிகாரக் கடிதமும் உங்கள் அட்டையின் நகலும் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதக் கடிதம். உறுதிமொழிப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரி கட்டாயம் இருக்கும். விபத்துக் காப்பீடு இருக்கிறதா, இல்லையா என்பதை அதில்தான் தேட வேண்டும்.

பட்டை கொடுப்பது பெரும்பாலும் முந்தின நாள் மட்டும்தான், அதுவும் ஊரின் வேறு கோடியில். வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் லீவு போட வேண்டி வரும். பட்டை கிடைத்ததும் பின்பக்கத்தில் ரத்த வகை, வீட்டில் ஒருவருடைய எண், மருந்து ஒவ்வாமை எல்லாம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். மைப்பேனா வேண்டாம், வியர்வையில் கரைந்துவிடும்.

3. டாக்டரிடம் ஒரு நடை

சான்றிதழ் கேட்காத நிகழ்வாக இருந்தாலும் போங்கள். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் கட்டாயம். பக்கத்தில் உள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகப் பார்த்துவிடலாம். தனியார் டாக்டர் என்றால் 300 முதல் 500. சான்றிதழில் டாக்டரின் பதிவு எண்ணோடு முத்திரை இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் பழையதை ஏற்காத இடங்களும் உண்டு என்பதால் ரொம்ப முன்னால் வாங்கி வைக்காதீர்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், விடிய விடிய நடந்தால் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். கால் மரத்துப் போகிற தொந்தரவு இருந்தால் கொப்புளம் வந்தது தெரியாது. அப்படிப்பட்டவர்கள் குறைந்த தூரப் பிரிவில் பெயர் கொடுப்பதே நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் வரவே வேண்டாம். மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் காற்று சில ராத்திரிகளில் தொண்டையைப் பிடிக்கும்.

4. எந்த மாதம், எத்தனை வாரம்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பர் மழையை நம்ப முடியாது. தண்ணீர் நிற்கிற தெருவில் எங்கே பள்ளம், எங்கே மூடியில்லாத கால்வாய் என்று உள்ளூர்க்காரிக்கே தெரியாது. ஏப்ரலுக்கு மேல் ராத்திரியிலும் புழுக்கம் இறங்காது. வியர்வை காயாது, உடம்பு சூடு வெளியே போகாது. ஜனவரியில் போகியை ஒட்டிய ராத்திரியைத் தவிருங்கள். அந்தப் புகையில் மூச்சும் முட்டும், எதிரே வருகிற வண்டியும் தெரியாது.

பயிற்சிக்கு எட்டிலிருந்து பத்து வாரம் வையுங்கள். வார நாளில் தினம் நாற்பது நிமிடம் போதும். பெரம்பூரில் மேம்பாலத்தை ஒட்டிய முரசொலி மாறன் பூங்கா மாதிரி எங்கேயாவது நடங்கள். வாரத்தில் ஒருநாள் மட்டும் நீண்ட நடை: 8 கிலோமீட்டரில் ஆரம்பித்து மெல்ல ஏற்றி 20, 22 வரை கொண்டுவாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். கடைசி இரண்டு வாரம் குறைத்துவிட வேண்டும். இரண்டு நீண்ட நடையாவது ராத்திரி பத்து மணிக்கு மேல் இருக்கட்டும். காலையில் 20 கிலோமீட்டர் நடக்கிற கால், தூக்கம் அமுக்குகிற நேரத்தில் அதே மாதிரி நடக்காது.

5. கால் சமாசாரம், மற்ற செலவு

ஷூவைச் சாயங்காலத்தில் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டுப் பாருங்கள். கடைக்காரர் "போகப் போக லூஸ் ஆகிடும்" என்பார், கேட்காதீர்கள். 2500 முதல் 4000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். நிகழ்வுக்கு முன் அதே ஷூவில் 60, 70 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். புது ஷூவோடு வந்த ஒருவர் டோல்கேட் வரும்போதே அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொப்புளம் அதிலிருந்துதான் ஆரம்பிக்கும். செயற்கை இழை சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்குங்கள், ஜோடி 300, 400 ஆகும். பாதி வழியில் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடியைப் பையில் வையுங்கள். கிளம்பும் முன் விரல் இடுக்கு, குதிகால், தொடை இடுக்கு எல்லா இடத்திலும் வாசலின் தடவுங்கள். தொடை உரசல் பற்றி வெளியில் யாரும் பேச மாட்டார்கள். பதினைந்தாவது கிலோமீட்டரில் கொப்புளத்தைவிட அதுதான் படுத்தும். நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டுங்கள். அன்று வெட்டினால் ஓரம் குத்தும்.

எங்கேயாவது லேசாகச் சுடுகிற மாதிரி இருந்தால் அந்த நிமிடமே நின்று மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள். "அடுத்த இடத்தில் பார்த்துக்கலாம்" என்று தள்ளினால் அடுத்த இடத்தில் கொப்புளமாக இருக்கும்.

ஒளிரும் பட்டை வைத்த ஜாக்கெட், போக்குவரத்து போலீஸ் போடுகிறார்களே அந்த மாதிரி, பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் 100, 150-க்குக் கிடைக்கும். ஏற்பாட்டாளர் தருகிற டி-ஷர்ட் கறுப்பாகவோ கருநீலமாகவோ இருக்க நிறைய வாய்ப்பு. மேலே இதைப் போட்டுக்கொள்ளுங்கள். தலையில் கட்டும் விளக்கு 300-லிருந்து. பவர் பேங்க் வீட்டில் இருப்பதே போதும். பதிவு, சாக்ஸ், ஜாக்கெட், விளக்கு, மருந்து, டாக்டர் எல்லாம் சேர்த்து, ஷூ ஏற்கெனவே இருந்தால், சுமார் 3500 ரூபாய்க்குள் முடியும்.

6. பாதையைப் பகலில் ஒருமுறை பாருங்கள்

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பைக்கிலோ பஸ்ஸிலோ முழுப் பாதையையும் ஒருமுறை போய் வாருங்கள். எங்கே நடைபாதை இருக்கிறது, எங்கே கால்வாய்ப் பலகை பெயர்ந்திருக்கிறது, எந்த பெட்ரோல் பங்க் 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை, நாங்கள் டி.எச். ரோடு என்போம், ஓரளவு வெளிச்சமான பாதை. டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி என்று மெட்ரோ மேலேயே ஓடுவதால் வழி தவறாது. ஆனால் அந்தத் தூண்களுக்குப் பின்னாலிருந்து சாலையைக் கடக்காதீர்கள். எதிர்ப்பக்கத்து வண்டிக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கும் அதைத் தெரியாது. சிக்னலிலேயே கடங்கள். மூலக்கடை, பெரம்பூர் வழியாகப் பாதை போட்டிருந்தால் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்கு வைத்த தடுப்புகள் இருக்கும். பகலில் பார்த்த சந்து ராத்திரி மூடியிருக்கலாம்.

கடலோரம் போகிற எண்ணூர் விரைவுச்சாலைதான் எனக்குப் பிடித்ததும், மிகவும் கவனம் தேவைப்படுவதும். ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குக் காத்து நிற்கிற கண்டெய்னர் ட்ரெய்லர் வரிசை. நானும் என் நாத்தனாரும் பாதை பார்க்கப் போனபோது ஒரு டீக்கடையில் ட்ரெய்லர் டிரைவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் டம்ளரை வைத்துவிட்டு எங்களைத் தன் வண்டியின் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, மேலே ஏறி உட்கார்ந்தார். "இப்ப என் மூஞ்சி தெரியுதாக்கா கண்ணாடியில?" என்றார். தெரியவில்லை. "அப்ப நீங்களும் எனக்குத் தெரியல. கண்ணாடியில என்னைப் பாத்தீங்கன்னாதான் நான் உங்களைப் பாக்குறேன்." எந்த விதிமுறைப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நிற்கிற ட்ரெய்லர்களுக்கு நடுவே புகுந்து போகாதீர்கள். முன்னால் இருக்கிற வண்டி ஒரு அடி பின்னால் வந்தாலும் போதும். நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகள் எதிரே வருகிற பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

காசிமேடு இன்னொரு விஷயம். இந்த நிகழ்வுகள் பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரிதான். நீங்கள் காசிமேடு போய்ச் சேரும்போது ஞாயிறு விடியற்காலை மூன்று, நான்கு ஆகியிருக்கும். வாரத்திலேயே அங்கே மிக அதிகக் கூட்டம் அப்போதுதான். ஏலம், ஐஸ் பெட்டி, மீன்பாடி வண்டி, மொத்த வியாபாரிகள், வீட்டுக்கு மீன் வாங்க வந்தவர்கள் என்று சாலையே நிறைந்திருக்கும். சாலையில் மீன் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கும், நல்ல ஷூவே வழுக்கும். அடியைச் சின்னதாக வைத்து நடங்கள். கூடை தூக்கி வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குங்கள். நடுவில் நின்று செல்ஃபி எடுத்தால் கிடைக்கிற திட்டுக்கு நான் பொறுப்பில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கூட்டம் குறைவு, ஆனால் வெயில் காலம்.

7. கழிப்பறை

ஆண்கள் இதைத் தாண்டிப் போகலாம் என்று நினைக்கலாம், வேண்டாம், படியுங்கள். மெட்ரோ நிலையங்கள் ராத்திரி பதினொன்றுக்கு மேல் மூடிவிடும். மாநகராட்சிக் கழிப்பறைகளில் பலவும் பூட்டியிருக்கும். மிஞ்சுவது 24 மணி நேர பெட்ரோல் பங்க், ரயில் நிலையம், பாதையில் வந்தால் பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. எங்கள் நிகழ்வில் நள்ளிரவுக்குப் பிறகு ஏற்பாட்டாளர் வைத்த கழிப்பறை ஒன்றுகூட இல்லை. பெண்கள் அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலேயே நடந்தார்கள். மயக்கம் அங்கிருந்துதான் வருகிறது. பாதை பார்க்கப் போகும்போதே பங்க்குகளில் கேட்டு, எது உண்மையில் திறக்கும் என்று கைப்பேசி வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். டிஷ்யூ, சோப்புத் தாள், மாதவிடாய் நாட்கள் நெருங்கினால் நாப்கின், ஒரு காகிதப் பை. போதும்.

8. சாப்பாடு, தண்ணீர், தூக்கம்

முந்தின ராத்திரி முழுத் தூக்கம், அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் படுக்கை. சாயங்காலம் ஆறரைக்குள் இட்லியோ சாதமோ வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பிரியாணியை அடுத்த நாளுக்கு வையுங்கள்.

நடக்கும்போது கடலை மிட்டாய், வாழைப்பழம், உப்பு பிஸ்கட். மணிக்கு அரை லிட்டர் வாக்கில் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தாலும் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள். மருந்துக்கடையில் கேட்டு, உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்ட பொடிப் பாக்கெட்டாக வாங்குங்கள்; அட்டை டப்பாவில் வரும் இனிப்புச் சாறு அதற்கு ஈடாகாது. பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று போட்டிருக்கிறதோ அத்தனைக்குத்தான் கலக்க வேண்டும்.

டீ குடிக்கலாம், நின்றுகொண்டே குடியுங்கள். பெஞ்சில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் கால் மரக்கட்டையாகிவிடும், எழுந்து முதல் நூறு அடி நரகம். டீக்கடையில் கொடுக்க பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஒரு 200 ரூபாய் வையுங்கள். எல்லா நேரமும் கைப்பேசியில் பணம் போகும் என்று சொல்ல முடியாது.

9. வழியில் வரக்கூடியவை

ராத்திரி இரண்டிலிருந்து நான்கு வரை கண் தானாகச் சொக்கும். அந்த நேரத்தில் தனியாக நடக்காதீர்கள். யாரோடாவது சேர்ந்து பேசிக்கொண்டே போங்கள்.

நாய் குரைத்தால் ஓடாதீர்கள், கண்ணில் விளக்கடிக்காதீர்கள். கையில் இருக்கிற பிஸ்கட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மெதுவாக நகருங்கள். கடித்துவிட்டால் நடையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். காயத்தை சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள்.

ரோந்து போலீஸ் நிறுத்தினால் பட்டையைக் காட்டி, எங்கிருந்து எங்கே என்று சொல்லுங்கள், விட்டுவிடுவார்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்கள் உதவிக்கு 181. தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியை முன்பே போட்டு, பதிவும் செய்து வையுங்கள்.

கூட நடப்பவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ தண்ணீர் கொடுத்து நடக்க வைக்கப் பார்க்காதீர்கள். உட்கார வைத்து, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

10. வீடு திரும்புவது

முடிகிற இடத்தில் பைக்கை நிறுத்தி வைத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. ராத்திரி முழுக்க விழித்துவிட்டு வண்டி ஓட்டுவது 30 கிலோமீட்டர் நடந்ததைவிட ஆபத்து. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில் விடியற்காலையிலேயே ஓட ஆரம்பித்துவிடும், மெட்ரோ ஐந்து மணி வாக்கில். ஞாயிற்றுக்கிழமை நேரம் மாறும் என்பதால் முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வீட்டில் யாரையாவது வரச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார், ஆனால் வந்தார்.

போய்ச் சேர்ந்ததும் காலைக் கழுவித் துடைத்துக் காற்றாட விடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். தானே உடைந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். இரண்டு, மூன்று நாள் மாடிப்படி இறங்குவது கஷ்டமாக இருக்கும், அது சரியாகிவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தாலோ, சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். நடந்து முடித்த சான்றிதழ் ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சலில் வரும். வரவில்லை என்றால் பட்டை எண்ணைப் போட்டு ஒருமுறை எழுதிக் கேளுங்கள், கேட்டவர்களுக்குத்தான் அனுப்பினார்கள்.